மோரோ கிரிஸ் வாள்: வயதைச் சொல்வது கங்யாவா, கைப்பிடியா?

தென்கடல்:
மேலே படத்தில் உள்ள அலைவாள் தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களான மோரோக்களின் கிரிஸ்; அங்குள்ள சூலு தீவுகளில் செய்தது, 18ஆம் நூற்றாண்டு. பிடியின் தலையில் காக்கட்டுவாக் கிளி, வாளின் வெட்டும் தகடான அலகோடு பிடியைக் கவ்வும் ஆசாங்-ஆசாங் பட்டை இரண்டு. கூடவே 1906இல் சூலுவின் புட் டாஜோ மலையில் நடந்த சண்டையில் அமெரிக்கச் சிப்பாய் எடுத்ததாகச் சீட்டும் இருக்கிறது.

கொல்லுலை:
சீட்டு உண்மையென்றே வைத்துக்கொள்வோம். 1906இல் வாள் எங்கே இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. அடித்த இடத்துக்கும் காலத்துக்கும் அல்ல. பிடியையும் நம்ப முடியாது. மரம் வெடித்தால் புதுப்பிடி போட்டுவிடுவார்கள். அலகு தாத்தா, பிடி பேரன். முதலில் அலகின் அடியில் அகன்று நிற்கும் கங்யாவைப் பாருங்கள். அதையும் அலகையும் பிரிக்கும் கோடு நேராக ஓடினால் 1800க்கு முன், ஓரத்தில் 45 பாகை திரும்பினால் 19ஆம் நூற்றாண்டு. 1930களுக்குப் பிறகு பெரும்பாலும் ஒரே துண்டில் கீறிய வெறும் கோடு.

தென்கடல்:
அது சேகரிப்பாளர்களின் வாய்ப்பாடு, பட்டறைச் சட்டம் அல்ல. சரி, அதையே எடுத்துக்கொண்டாலும் இங்கே கோடு நேர்தானே? நான் சொன்ன காலம்தான் வருகிறது.

கொல்லுலை:
கோடு இருப்பது வேறு, மூட்டு இருப்பது வேறு. உளியால் கீறியது இரண்டு முகங்களோடு நின்றுவிடும். உண்மையான மூட்டு அலகின் கனத்திலும் சுற்றி வரும், உள்ளே துரு ஊர்ந்திருக்கும். பக்கவாட்டில் விளக்கு பிடித்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இரும்பின் அடுக்கு ரேகை கோட்டைத் தாண்டித் தடையின்றி ஓடினால் ஒரே துண்டு. அலகு நீளத்தையும் போடுங்கள். பழையவை பெரும்பாலும் குட்டை, ஒல்லி. படத்தில் இது அகலமாகத் தெரிகிறது.

வெள்ளிப்பூண்:
ரேகை தெரியவில்லையென்றால் அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சூடான வினிகரைப் பஞ்சில் தொட்டு ஒரு சிறு இடத்தில் மட்டும் தடவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். கருத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் மூட்டுக்குள் துரு கிளம்பும். இரும்பை அரிக்கும் பெரிக் குளோரைடை நேராக ஊற்றினால் பழைய நிறமே போய்விடும். பிடியைக் கழற்றவே வேண்டாம்: பிடியை ஒட்டியிருக்கும் குங்கிலியப் பிசின் இளகும் சூட்டில் தந்தமும் கொம்பும் வெடிக்கும். சிரமப்பட்டுக் கழற்றினாலும், பிடிக்குள் போகும் அலகின் வால் சதுரமாக இருந்தால் குத்துக்கத்தியான ஜாவா கிரிஸ் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். சூலுவா, மிண்டனாவோ தீவின் மகிந்தனாவோவா என்று தெரியாது.

தென்கடல்:
மூட்டு கனத்திலும் ஓடினால் 18ஆம் நூற்றாண்டை விடமாட்டேன். வினிகர் வேண்டாம், லென்ஸ் போதும். கங்யாவின் மேல் விளிம்பை நேரே எடுத்த படத்தை அளவுகோலோடு சேர்த்துப் போடுகிறேன்.