யாக்கோபின் மகன்கள் (நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழு)

பெர்சி: பின்லாந்தில், எங்கள் யூவாஸ்கூலா ஊரில் இன்று எங்கே பார்த்தாலும் நீலம் வெள்ளைக் கொடி. கலேவலா நாள். 1835 பிப்ரவரி 28இல்தான் எலியாஸ் லொன்ரோட் அந்த நாட்டுப்பாடல் காவியத்தின் முன்னுரையில் கையெழுத்துப் போட்டாராம். ஆள் ஒரு டாக்டர்!

அம்மா: தொப்பி போட்டாயா?

பெர்சி: போட்டிருக்கிறேன் அம்மா. மைனஸ் 11.

சித்தப்பா: டாக்டருக்குப் பாட்டில் என்ன வேலை?

பெர்சி: ஊர் ஊராக நடந்து, பாடுகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார் சித்தப்பா. 1840இல் கன்டெலெதார் என்று இன்னொரு தொகுப்பும் போட்டார். இந்தப் பழம்பாட்டுகளில் சிலவற்றைச் சேர்ந்திசையாக்கியவர் இந்த ஊர்க்காரர், பெக்கா கொஸ்தியாய்னென். 1944இல் பிறந்தவர். இங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1977இல் மூசிகா என்று ஒரு கொயர் ஆரம்பித்து அவரே நடத்தினார்.

அத்தை: நம்ம கோயில் கொயர் மாதிரியா? சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்?

பெர்சி: அதேதான் அத்தை. ஆனால் பல பாட்டுக்கு ஆர்கன் கிடையாது, வெறும் குரல்.

சித்தப்பா: ஏலே, கும்மிப்பாட்டை நாலு குரலாகப் பிரித்தால் ருசி போய்விடாதா?

பெர்சி: எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கேட்டால் வேறு மாதிரி. மெட்டை விட சொல்லின் தாளத்தைத்தான் மனிதர் கெட்டியாகப் பிடிக்கிறார். கலேவலா தொடங்குவதே இப்படி, அடிக்கு எட்டு அசை:
மியெலெனி மினுன் தெகெவி
ஐவொனி அயத்தெலெவி

சித்தப்பா: மி, மி. மோனை!

பெர்சி: இரண்டாவது அடியில்?

சித்தப்பா: ஐ, அ. அதுவும் மோனைதான். அ, ஆ, ஐ, ஔ நான்கும் ஓரினம். முப்பது வருஷம் யாப்பு நடத்தியவனிடம் கேட்கிறாயே. பொருள் என்ன?

பெர்சி: என் மனம் விரும்புகிறது, என் மூளை நினைக்கிறது. சொன்னதையே அடுத்த அடியில் சொல் மாற்றிச் சொல்வார்கள்.

அத்தை: பைபிளில் சங்கீதப் புத்தகம் மாதிரி!

பெர்சி: ஆமாம், எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கென்றே ஒரு பாட்டும் இருக்கிறது. 1976இல் கொஸ்தியாய்னென் எழுதியது, 'யாக்கோபின் மகன்கள்'. பைபிளில் வரும் யாக்கோபின் பன்னிரண்டு மகன்களுடைய பெயர்கள், அவ்வளவுதான் வரிகள். அதையே தட்டித் தட்டி, குரல் மாற்றி மாற்றிப் பாடுவார்கள்.

அம்மா: வெறும் பெயர்ப் பட்டியலா? அதற்கு ஒரு இசையமைப்பாளர் வேறு வேண்டுமா?

சித்தப்பா: மதினி, சும்மா 'காத், ஆசேர்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தாளம் தானாக வரும்.

அத்தை: ஓய்வுநாள் பள்ளியில் ஒரே மூச்சில் சொல்வேன். ரூபன் சிமியோன் லேவி யூதா தாண் நப்தலி காத் ஆசேர் இசக்கார் யோசேப்பு பென்யமீன்.

பெர்சி: பதினொன்றுதான் வருகிறது அத்தை.

அத்தை: இரு, விரல் விட்டு எண்ணுகிறேன்.

அத்தை: ஐயோ, செபுலோன்!