தபாலில் செஸ்: அப்பாவின் கார்டுகளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

தக்கலைக்காரன்:
அப்பா போன ஆனியில் தவறிவிட்டார். இரணியல் பக்கம் வாத்தியாராக இருந்தவர். அவருடைய தகரப்பெட்டியில் ஹங்கேரியிலிருந்து 1986, 87-இல் வந்த ஏர்மெயில் கார்டுகள் முப்பதுக்கு மேல் கிடைத்தன. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. தபாலில் செஸ் ஆடினார் என்று அம்மா சொல்கிறாள். கார்டில் சுக விசாரிப்பு ஒரு வரி, மிச்சமெல்லாம் எண்கள். ஒன்றில் இப்படி இருக்கிறது: 3. 6725 7776. சில ஏழுகளுக்குக் குறுக்கே ஒரு கோடு வேறு. போர்டை வைத்து அந்த ஆட்டத்தை ஆடிப் பார்க்க வேண்டும், யாராவது உதவுங்கள்.

'காசாபிளாங்கா' படத்தில் நடித்த ஹாலிவுட் நடிகர் ஹம்ப்ரி போகார்ட்டும் தபாலில் செஸ் ஆடியவர் என்று அப்பா சொல்வார். உண்மையா?

குளச்சல்காரி:
உண்மைதான். பேர் வாங்குவதற்கு முன்னால் நியூயார்க்கில் சில்லறைப் பந்தயத்துக்கு ஆடியவர். 1945-இல் ஒரு அமெரிக்க செஸ் பத்திரிகையின் அட்டையில் மனைவி லாரன் பகாலோடு வந்திருக்கிறார். எண்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

வடசேரி பழைய ஆட்டக்காரன்:
தம்பி, அந்தக் கார்டுகளை ஈரம் படாமல் வையுங்கள். நம்ம ஊர்ச் சாரலுக்கு மை ஊறிவிடும். நானும் எண்பதுகளில் ஆடியவன், பால்பாயின்ட் பேனாவில்தான் எழுதுவேன்.

படிப்பது எளிது. வெள்ளைக் காய்களின் பக்கம் உட்கார்ந்து இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழிருந்து மேலாக 1 முதல் 8. முதல் இரண்டு எண் காய் இருந்த கட்டம், அடுத்த இரண்டும் போன கட்டம். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. காய்களின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், எண் மாறாது. அதனால்தான் வெளிநாட்டு ஆட்டத்தில் இப்படி எழுதுவோம்.

கார்டில் முதலில் இருப்பது வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு. உங்கள் 6725 இருக்க முடியாது. 67 கறுப்புச் சிப்பாயின் இடம், வெள்ளை அங்கிருந்து எப்படிப் புறப்படும்? ஐரோப்பியர்கள் ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு இழுப்பு இழுப்பார்கள், நமக்கு ஏழு மாதிரி தெரியும். குறுக்கே கோடு உள்ளதுதான் ஏழு. ஆக அது 6125. மந்திரி 25-ஆம் கட்டத்துக்கு வந்திருக்கிறது. அடுத்தது 7776 அல்ல, 1716, ஓரத்துச் சிப்பாய் அதை விரட்டுகிறது. ரூய் லோபஸ் என்கிற தொடக்கம் இது! அப்பா நல்ல தொடக்கம்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

கார்டில் இரண்டு தேதி இருக்கும், பாருங்கள். கிடைத்த நாள், பதில் போட்ட நாள். கணக்கில் வருவது நாம் யோசித்த நாள் மட்டும், விமானத்தில் போன நாள் சேராது. ஒரு ஆட்டம் இரண்டு வருஷம்கூட இழுக்கும். எழுதிப் போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. ஒருமுறை ராணிக்கு 4144 எழுத வேண்டிய இடத்தில் 4145 எழுதிவிட்டேன். தபால்பெட்டியில் போட்டு வீட்டுக்கு வந்து போர்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பதில் வரும்வரை அந்த ஒரு மாதம் ராத்திரி உறக்கமில்லை.

போகார்ட் விஷயம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தணிக்கைக்காரர்கள் வெளிநாட்டோடு ஆடும் தபால் செஸ்ஸைத் தடை செய்தார்கள். இந்த மாதிரி எண்ணும் எழுத்தும் சங்கேதமாக இருக்கலாமே என்ற பயம். அந்தப் படத்தில் அவர் முதலில் வரும் காட்சியைப் பாருங்கள், எதிரே ஆள் இல்லாமல் தனியாக போர்டின் முன்னால் இருப்பார். தபாலில் ஆடுகிறவர்கள் வீட்டில் உட்காருவது அப்படித்தான்.

தக்கலைக்காரன்:
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அம்மாவை எண்களைப் படிக்கச் சொல்லி நான் காய் நகர்த்தினேன். பதினெட்டாவது நகர்வு வரை தடங்கல் இல்லை. எல்லாக் கார்டிலும் நீலப் பென்சிலில் அப்பா எழுதிய இரண்டு தேதிகள் இருக்கின்றன. பெரும்பாலும் நாலு நாள், ஐந்து நாள். பன்னிரண்டாவது நகர்வுக்கு மட்டும் பதினாறு நாள் எடுத்திருக்கிறார். அது நான் பிறந்த மாதம் என்று அம்மா சொன்னாள்.

பத்தொன்பதாவது கார்டில் மறுபடியும் ஒன்றா ஏழா என்று குழப்பமாக இருக்கிறது. நாளைக்கு போட்டோ எடுத்துப் போடுகிறேன்.