ஹாம் ரேடியோ 80 மீட்டர் பேண்டு ஆண்டெனாவுக்கு 22 மீட்டர் வளவு போதுமா?

கேள்வி: அண்ணாச்சிமாரே, 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவுல கேபிள் சேர்ற நேர்க்கம்பி ஆண்டெனா) 39.6 மீட்டர் வருது. பாளையங்கோட்டையில வளவு 22 மீட்டர்தான், ஓரத்துல ஒத்தப் பனை. என்ன கட்டலாம்?

பதில்: இன்வெர்ட்டட் எல் (தலைகீழ் L மாதிரி மடக்குற கம்பி ஆண்டெனா) கட்டுங்க தம்பி. 20.5 மீட்டர் கம்பியில 12 மீட்டர் நெட்டுக்க, மிச்சம் படுக்கையா. அடியில இருந்து தரையில விரிக்க 10 மீட்டர் நீளத்துல 16 கம்பி, அதாவது ரேடியல். இதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க; நம்ம சரள் மண்ணு கோடையில கடத்தவே கடத்தாது. நாலே ரேடியல்ல எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆண்டெனாவும் எவ்வளவு பொருந்துதுங்கிற அளவு, 1-ன்னா முழுப் பொருத்தம்) 1.1 காட்டுனா அது நல்ல சேதி இல்ல; மொத்தத் தடை கேபிளோட 50 ஓமுக்குப் பக்கம்னு அர்த்தம். அதுல ஆண்டெனாவோட கதிர்வீச்சுத் தடை (பவரை அலையா அனுப்புற பங்கு) 25 ஓம் அளவுதான், மீதி மண்ணுல சூடாப் போற பவர். ரேடியல் கூடக் கூட 1.5-க்கு ஏறுச்சுன்னா சரியாப் போறீங்க.

பதில்: கம்பியை மரத்துல இருந்து 1 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. ஆனி, ஆடிக் காத்துல பனைமட்டைக் கருக்கு இன்சுலேஷனை ரம்பமா அறுத்துரும். கயிறு பாலியெஸ்டர், முனையில கப்பி போட்டு ஒரு செங்கல் கனம் தொங்கட்டும். மரம் ஆடுனாலும் கம்பி அறாது.

பதில்: எல்.இ.டி. பல்பு இரைச்சல் கோஆக்ஸ் (ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கிற கேபிள்) வழியா ஏறும். ஃபீட் பாயிண்ட்ல, அதாவது கேபிள் ஆண்டெனாவுல சேர்ற இடத்துல, 31 மிக்ஸ் டொராய்டுல (ஃபெரைட் வளையம்) ஆர்.ஜி. 58 கோஆக்ஸை 12 சுத்து சுத்துங்க.