அந்தக் காலத்தில் டைவர்ஸே கிடையாதாமே, நிஜமா?

களக்காட்டான்:
தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். சொந்தத்தில் வேண்டாம் என்று அவள் சொன்னதும் வீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள், அத்தை மகன் மாமன் மகன் என்று கட்டிய வரைக்கும் யாரும் கோர்ட் படி ஏறவில்லை, இப்போது பெண்களுக்குக் கைநிறையச் சம்பளம், வருஷம் திரும்பும் முன்னே டைவர்ஸ் என்று. நம்ம பக்கம் அப்படியா இருந்தது? மூத்தவர்கள் சொல்லுங்க.

பொட்டல்காட்டான்:
கோர்ட் படி ஏறவில்லை, வாஸ்தவம்தான் தம்பி. அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊரில் பெரிய மனுஷங்க நாலு பேர் உட்கார்ந்து, நகையையும் சீர்ப் பாத்திரத்தையும் எண்ணி வாங்கிக் கொடுத்து, அத்து விட்டாச்சு என்றால் முடிந்தது. அப்புறம் அவரவருக்கு வேறு கல்யாணம். சில சாதிகளில் இதை வாயால் சொல்லவே முடியாது, அங்கே அந்தப் பிள்ளை பிறந்த வீட்டில் பீடி சுற்றியே காலத்தைக் கழிக்கும். இந்த ரெண்டையும் உங்க வீட்டில் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பாளை வக்கீல்:
அண்ணாச்சி சொல்கிற வழக்கத்தை 1955 இந்து திருமணச் சட்டமே 29ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டும், அங்கேதான் பலருக்கு இடிக்கும். இருவரும் ஒத்துப் பிரிகிற 13-பி பிரிவு 1976இல்தான் வந்தது, அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல். வழி திறந்தால் ஆள் வரத்தான் செய்யும். 2011 சென்சஸில் நாடு முழுக்க விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம், விவாகரத்து வாங்காமலே பிரிந்து வாழ்பவர்கள் 35 லட்சம் பக்கம்.

வள்ளியூர்க்காரி:
எங்க சித்தி அந்த 35 லட்சத்தில் ஒருத்தி. கட்டியது தாய்மாமனைத்தான். அவர் பம்பாய் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். எதிராளி ஆச்சியின் சொந்தத் தம்பி, தாத்தா யாரிடம் போய் நியாயம் கேட்பார்? சித்தி கையில் ஒரு மாசச் சம்பளம் இருந்திருந்தால் அப்பவே வக்கீலைப் பார்த்திருப்பாள். தங்கச்சி வேண்டாம் என்றால் விட்டுடுங்க தம்பி.

களக்காட்டான்:
சரிக்கா. வக்கீல் சார், ஒன்று கேட்கணும். வந்திருக்கிற வரன் ஒன்றில் மாப்பிள்ளைக்கு இது ரெண்டாம் கல்யாணம், முதலாவதை ஊரில் பேசி முடித்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியிருக்கிறார்களாம்.

பாளை வக்கீல்:
கோர்ட் தீர்ப்பு நகலைக் கேளுங்க. அது கைக்கு வராமல் பூ வைக்கக்கூடச் சம்மதிக்காதீங்க, நாளைக்கு முதல் மனைவி வந்து நின்று, அவர்களால் அந்த வழக்கத்தை நிரூபிக்க முடியாமல் போனால், உங்க தங்கச்சி கல்யாணம்தான் செல்லாமல் போகும்.