டாப் லோட் மெஷின்: தண்ணீர் ஏற அரை மணி நேரம், ஸ்பின்னில் எரர். போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

மேடவாக்கம்_மாடிவீடு (கேள்வி)

6.5 கிலோ டாப் லோட், ஃபுல்லி ஆட்டோமேட்டிக், வாங்கி ஐந்து வருடம். முதல் மாடியில் பாத்ரூமை ஒட்டி வைத்திருக்கிறோம். நேர் மேலே மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க். போர் தண்ணீர்தான், உப்பு அதிகம்.

மூன்று பிரச்சினை. தண்ணீர் ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பாதியிலேயே பீப் அடித்து தண்ணீர் வரவில்லை என்ற எரர் காட்டுகிறது. பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் ஒழுங்காகத் துவைக்கிறது. ஸ்பின் தொடங்கியதும் டம் டம் என்று பாடியில் இடித்து நின்று, மறுபடி தண்ணீர் எடுத்து அலசிப் பார்க்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி, அப்புறம் எரர். கடைசியாக, மெஷினை ஆஃப் செய்த பிறகும் குழாய் திறந்திருந்தால் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கிறது. காலையில் டப்பில் தண்ணீர் நிற்கிறது.

பார்க்க வந்தவர் மேல்மூடியைக்கூடக் கழற்றவில்லை. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, 5,500 ரூபாய் ஆகும் என்றார். மாற்றுவதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்?

சர்வீஸ்_பென்ச்

போர்டுக்கு இப்போ போகாதீங்க. நீங்க சொன்னதில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே இடத்துப் பிரச்சினை, மெஷினுக்குள் தண்ணீரை விடும் இன்லெட் வால்வு. ஸ்பின் தனிக் கதை.

முதலில் பிரஷர் கணக்கு. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் 1 பார் பிரஷர் தரும். உங்க டேங்கின் அடி, மெஷின் வாயிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம் இருந்தாலே அதிகம். அதாவது 0.25 பார். பெரும்பாலான டாப் லோட் மெஷின்கள் குறைந்தது 0.3 பாரோ 0.5 பாரோ கேட்கும், மேனுவலில் போட்டிருப்பாங்க. மேல் மாடிக்காரருக்குத் தண்ணீர் நிரம்பாததும் அதே மெஷின் கீழ் வீட்டில் ஜோராக ஓடுவதும் இதனால்தான்.

வால்வு எப்படித் திறக்குதுன்னு தெரிஞ்சா மீதி புரியும். உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம், அதன் நடுவில் குண்டூசி அளவு ஓட்டை. காயிலுக்கு கரண்ட் வந்ததும் ஒரு சின்ன பின் மேலே எழும்பி அந்த ஓட்டையைத் திறக்கும். காயில் வேலை அவ்வளவுதான். ரப்பரை அசலாகத் தூக்குவது குழாய்த் தண்ணீரின் பிரஷர். மூடும்போதும் அப்படியே, பக்கத்தில் இருக்கும் இன்னொரு நுண்ணிய ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே போய் ரப்பரை அழுத்தி உட்கார வைக்கும். பிரஷர் கம்மியாக இருந்தாலோ, ஒரு மணல் துகள் அந்த ஓட்டையிலோ ரப்பருக்கு அடியிலோ மாட்டினாலோ, முழுசாகத் திறக்கவும் செய்யாது, முழுசாக மூடவும் செய்யாது. மெதுவாக ஏறுவதும் ஆஃப் செய்த பிறகு சொட்டுவதும் இப்படித்தான் சேர்ந்தே வரும்.

செய்ய வேண்டியது:

1. பிளக்கைப் பிடுங்குங்க, குழாய் திறந்தே இருக்கட்டும். இன்னும் சொட்டினால் தப்பு வால்வில். பிளக் எடுத்ததும் நின்றால்தான் போர்டு மேல் சந்தேகம்.

2. குழாயை மூடி, மெஷின் பக்கத்து ஹோஸைக் கழற்றுங்க. கையால் வரும், வரலைன்னா துணி சுற்றி பிளையரால் லேசாகத் திருப்புங்க, அந்தப் பிளாஸ்டிக் மரை சீக்கிரம் உடையும். வால்வு வாயில் ஒரு சின்ன வலை தெரியும். நடுவில் உள்ள மூக்கை நோஸ் பிளையரால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

3. வலையைப் பழைய பிரஷ்ஷால் தேயுங்க. வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைத்து 20 நிமிஷம் ஊறட்டும். குழாய் முனையிலும் ஒரு வலை இருக்கலாம், அதையும் பாருங்க.

4. கழற்றிய ஹோஸ் முனையை மெஷின் வாய் உயரத்தில் பிடித்து 10 லிட்டர் பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம்னு பாருங்க. ஒன்று, ஒன்றரை நிமிஷம்னா லைன் பரவாயில்லை. மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் வால்வை மாற்றினாலும் பெரிசாக மாறாது, லைனைத்தான் சரிபண்ணணும்.

வலைக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம் தெரிந்தால், அது வரத்தைக் கட்டுப்படுத்தும் வாஷர். பிரஷர் கம்மியான வீட்டில் அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் வேகமாக ஏறும்.

எர்த்_ஒயர்

அந்த ரப்பர் வாஷரை எடுக்கும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அது அதிக பிரஷரில் நசுங்கி ஓட்டையைச் சுருக்குவதற்காக வைத்தது. 0.25 பாரில் அது நசுங்குவதே இல்லை, எடுத்தால் கிடைக்கும் லாபம் சொற்பம். நாளைக்கு பிரஷர் பம்ப் போட்டால், எடுத்ததை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். டேங்கிலிருந்து மெஷினுக்கென்று தனியாக முக்கால் இஞ்ச் லைன் இறக்குவது நல்லது. அரை இஞ்ச் பைப்பில் நாலு எல்போ போட்டு, ஷவருக்கும் கெய்சருக்கும் பிரித்த பிறகு மெஷினுக்குக் கொடுத்தால், இருக்கும் கொஞ்ச பிரஷரும் வழியிலேயே போய்விடும். குறைந்த பிரஷருக்கென்றே இன்லெட் வால்வு கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பாத்ரூமை ஒட்டி என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மெஷினைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சாக்கெட்டில் எர்த் பாருங்கள். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லையென்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷின் பாடி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் கதி என்ன?

மேடவாக்கம்_மாடிவீடு

ஷாக் எதுவும் இல்லை. பிளக் எடுத்தும் சொட்டுகிறது. வலை முழுக்கச் செம்பழுப்புத் துரு, வெள்ளை மணல். சுத்தம் செய்து மாட்டியதும் மீடியம் லெவலுக்கு 12 நிமிடத்தில் ஏறியது! பக்கெட் நிரம்ப 1 நிமிடம் 10 நொடி. சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ஸ்பின்னுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

சர்வீஸ்_பென்ச்

அப்போ வால்வு டயஃப்ரம்தான், போர்டு இல்லை. வால்வை மொத்தமாக மாற்றிடுங்க, பிரித்துக் கழுவினால் ரொம்ப நாள் தாங்காது. அது வரைக்கும் துவைத்து முடிந்ததும் குழாயை மூடி வையுங்க.

ஸ்பின்னுக்கு ஒரே ஒரு சோதனை முதலில். துணி எதுவும் போடாமல், மூடியை மூடி, ஸ்பின் மட்டும் தேர்ந்தெடுத்து ஓட விடுங்க.

காலி டிரம் முழு வேகம் எடுத்தால் மோட்டார், பெல்ட், டிரம்மை மோட்டாரோடு கோக்கும் கிளட்ச், டிரெயின் மோட்டார், மூடி சுவிட்ச், போர்டு எல்லாமே வேலை செய்யுது. மிச்சம் பேலன்ஸ்தான்.

காலியாகவும் சுற்றலைன்னா, தண்ணீர் வெளியே போகுதான்னு பாருங்க. பம்ப் இல்லாத டாப் லோட்டில் ஒரே டிரெயின் மோட்டார்தான் வடிகால் வால்வையும் கிளட்ச் லீவரையும் சேர்த்து இழுக்கும். அது இழுக்கவே இல்லைன்னா தண்ணீரும் போகாது, ஸ்பின்னும் ஆகாது. அரைகுறையாக இழுத்தால் தண்ணீர் போகும், ஆனால் அடியில் துணியைச் சுழற்றும் பல்சேட்டர் தட்டு மட்டும் சுற்றும், டிரம் அசையாது. இந்த வகை மெஷினில் டிரெயின் ஹோஸ் தரையோடு கிடக்கணும், வாஷ்பேசினில் தூக்கி மாட்டினால் தண்ணீர் ஏறிப் போகாது.

தண்ணீர் முழுசாகப் போயும் ஸ்பின் ஆரம்பிக்கலைன்னா லெவல் சென்சார் டியூப். டப்பின் அடியிலிருந்து மேலே சென்சாருக்குப் போகும் மெல்லிய டியூப் அது, உள்ளே காற்றுதான் இருக்கும். அடியில் சோப்புக் கசடு அடைத்தால் காற்று சிக்கிக்கொண்டு, தண்ணீர் இன்னும் இருக்கிறதுன்னு மெஷின் நம்பிக் காத்துக்கிட்டிருக்கும். சென்சாரிலிருந்து டியூப்பைக் கழற்றி கீழ்நோக்கி வாயால் ஊதினால் திறந்துவிடும். சென்சாருக்குள் ஊதிடாதீங்க.

உப்புத்தண்ணி

பாடியில் இடிக்கிறது என்றதால் சஸ்பென்ஷன் ராடைத்தான் முதலில் பார்ப்பேன். டப் நாலு மூலையிலும் நாலு ராடில் தொங்குகிறது. டிரம் விளிம்பை ஒரு மூலையில் அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும், தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் அந்த மூலை ராடு போய்விட்டது. நாலு பக்கமும் பாடிக்கும் டப்புக்கும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அதற்கு முன்னால், நாலு காலும் தரையில் பதிந்திருக்க வேண்டும். எதிர்மூலைகளை மாறி மாறி அழுத்தினால் துளிகூட ஆடக்கூடாது. ஆடினால் காலைத் திருகிச் சரிசெய்து, பூட்டு நட் இருந்தால் இறுக்குங்கள். ஒரே ஒரு போர்வையைப் போட்டு ஸ்பின் விட்டால் நல்ல மெஷினும் இடிக்கும். இரண்டு துண்டு சேர்த்துப் போட்டு, சுற்றிலும் பரப்பிவிடுங்கள்.

டிரம்மைக் கையால் சுற்றும்போது மேல் வளையத்தில் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். பேலன்ஸுக்காக அதற்குள் உப்புநீர் அடைத்திருக்கிறார்கள். சத்தம் வந்துகொண்டிருந்த மெஷினில் அது நின்றுபோனால்தான் வளையம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேடவாக்கம்_மாடிவீடு

காலியாக முழு வேகத்தில் சுற்றுகிறது. முன்பக்க வலது மூலையை அழுத்தினால் நாலைந்து முறை ஆடுகிறது. இடைவெளி இடப்பக்கம் நாலு விரல், வலப்பக்கம் இரண்டு. அந்த ஒரு ராடு மட்டும் மாற்றினால் போதுமா?

உப்புத்தண்ணி

நாலையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, மூன்று பழையது என்றால் டப் மறுபடி சாயும். சில மாடல்களில் முன் ராடும் பின் ராடும் வேறு, ஸ்பிரிங் நிறத்திலோ முனைத் தொப்பியின் நிறத்திலோ வித்தியாசம் தெரியும். பழசை டேப் வைத்து அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, மேல் பகுதியின் ஸ்குருக்களைக் கழற்றித் தூக்கி, ஒயர் இழுபடாமல் பின்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, மற்றவர் ராடின் மேல் முனையை மூலைக் குழியிலிருந்து விடுவித்து, கீழ்முனையை டப்பின் காதிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். நாலையும் ஒரே சமயத்தில் கழற்றினால் டப் கீழே உட்கார்ந்து பெல்ட்டையும் டிரெயின் மோட்டாரையும் நசுக்கும். திறந்த கையோடு அடிப்பக்கம் எட்டிப் பாருங்கள், எலி வந்த தடம் இருந்தால் அடியில் எலி வலைத் தகடு போட்டுவிடுங்கள். சென்சார் ஒயரை அது கடித்தால் தினம் ஒரு எரர் வரும்.

செமி_ஆட்டோ

இங்கேயே கேட்டுவிடுகிறேன். செமி ஆட்டோமேட்டிக், ஸ்பின் பக்கம் ம்ம்ம் என்று முனகுகிறது, சுற்றவில்லை. வாஷ் பக்கம் நன்றாக ஓடுகிறது.

எர்த்_ஒயர்

முனகினால் மோட்டாருக்கு கரண்ட் வருகிறது, அதனால் டைமரையும் மூடி சுவிட்சையும் விட்டுவிடலாம். மூன்றில் ஒன்று: ஸ்பின் டப்புக்கு அடியில் சாக்ஸ், கைக்குட்டை மாதிரி ஏதாவது சிக்கியிருக்கும், அல்லது பிரேக் விடவில்லை, அல்லது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும்.

பிளக்கை எடுத்து, பின் தகட்டைக் கழற்றுங்கள். மூடியை மூடினால் கம்பி பிரேக் லீவரை இழுத்து டிரம்மிலிருந்து விலக்க வேண்டும். கம்பி தளர்ந்திருந்தால் விலகாது, இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். பிரேக் விலகிய நிலையில் மோட்டார் கப்ளிங்கைக் கையால் சுற்றுங்கள். தங்குதடையின்றிச் சுற்றினால் கெப்பாசிட்டர்தான். ஒரே டப்பாவில் வாஷுக்கு ஒரு மதிப்பு, ஸ்பின்னுக்கு ஒரு மதிப்பு என்று இரண்டு இருக்கும், மேலே எழுதியிருப்பதைப் பார்த்து அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் வாங்குங்கள். தொடுவதற்கு முன் அதன் இரு முனைகளையும் ஒரு சாதா குண்டு பல்பின் ஒயரால் தொட்டு டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்குரு டிரைவரால் ஷார்ட் செய்வது கெட்ட பழக்கம்.

சர்வீஸ்_பென்ச்

மேடவாக்கத்துக்காரருக்கு இன்னும் இரண்டு விஷயம். வால்வு வாங்கப் போகும்போது பழசைக் கையோடு கொண்டு போங்க. நேர்வாயா, 90 டிகிரி வளைவா, ஒற்றைக் காயிலா இரட்டையா என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். ஒயரைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. புதுசைக் கையில் வாங்கியதும் மல்டிமீட்டரில் காயிலை அளந்தால் 3.5 முதல் 5 கிலோ ஓம்ஸுக்குள் காட்டணும்.

உங்க தண்ணீருக்கு மாதம் ஒருமுறை டப்பில் வெந்நீர் நிரப்பி 100 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, துணி இல்லாமல் ஐந்து நிமிஷம் ஓட்டி, ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்க. அன்றைக்கு பிளீச்சிங் பக்கமே போகக்கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

வால்வு மாட்டி முடிந்ததும் உடனே சுவரோடு தள்ளிடாதீங்க. குழாயைத் திறந்து, ஹோஸ் மரைக்குக் கீழே ஒரு காய்ந்த நியூஸ்பேப்பர் துண்டை வைத்து ஒரு மணி நேரம் விடுங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பரில் தெரியும். ஈரம் பட்டிருந்தால் ஹோஸுக்குள் இருக்கும் ரப்பர் வாஷரைத் திருப்பிப் போட்டு, கையால் மட்டும் இறுக்குங்க.