ஞாயிற்றுக்கிழமை டெலவேர் கடற்கரை: எங்கள் குடும்பக் குழுவில்

ரேவதி: ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் முடிவு. டெலவேர் சீஷோர் ஸ்டேட் பார்க். ரிஹோபத் பீச் வேண்டாம், பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும்.

செந்தில்: ரிஹோபத்தில் போர்டுவாக் உண்டு, கடைகள் உண்டு. நீ சொல்லும் இடத்தில் மணலைத் தவிர என்ன இருக்கிறது?

ரேவதி: ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் ரிஹோபத் பே. நடுவில் இந்தியன் ரிவர் லைஃப் சேவிங் ஸ்டேஷன், 1876இல் கட்டிய மரவீடு. மணல்மேடு நகர்ந்து வந்துவிட்டதால் அடுத்த வருடமே கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்கள். இப்போது மியூசியம்.

கவிதா: பாத்ரூம் இருக்கிறதா? அதை முதலில் சொல்.

ரேவதி: ஷவரோடு இருக்கிறது அண்ணி 😄

சுந்தரம் மாமா: லைஃப் சேவிங் ஸ்டேஷன் என்றால் கலங்கரை விளக்கம் மாதிரியா ரேவதிம்மா?

ரேவதி: இல்லை மாமா. விளக்கு கப்பலை எச்சரிக்கும். இந்த ஸ்டேஷனில் இருந்த மீட்பு ஆட்களுக்குக் கப்பல் தரைதட்டிய பிறகுதான் வேலையே. படகு போக முடியாத அளவுக்கு அலை அடித்தால் கரையிலிருந்தே கயிறு.

நிலா: தாத்தா, நான் சொல்கிறேன். ஒரு குட்டி பீரங்கி. குண்டில் மெல்லிய கயிற்றைக் கட்டிக் கப்பலுக்கு மேலே சுடுவார்கள். கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பெரிய வடம் வரும். அதைப் பாய்மரத்தில் கட்டிவிட்டால் ஒரு மிதவை வளையம் அதில் தொங்கிக்கொண்டு போய் வரும். வளையத்துக்குள் கான்வாஸ் ட்ரவுசர் தைத்திருக்கும்! அதில் காலை நுழைத்து உட்கார வேண்டியதுதான், கரையில் இருப்பவர்கள் இழுத்துவிடுவார்கள்.

சுந்தரம் மாமா: புடவை கட்டியிருந்தால் கஷ்டம். சரி, நடுராத்திரியில் கப்பல் தட்டினால் யார் பார்ப்பது?

ரேவதி: ராத்திரி முழுக்கக் கரையோரமாக நடந்தே ரோந்து. அடுத்த ஸ்டேஷன் ஆள் எதிரே வருவார். இருவரும் பித்தளை வில்லையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைக் கொண்டுவந்து காட்டினால்தான் முழு தூரமும் நடந்ததாகக் கணக்கு.

சுந்தரம் மாமா: அட, நம் ஊர் போலீஸ் பட்டா புத்தகம்! என்ன, அதில் வீட்டு வாசலில் கையெழுத்து போட்டால் போதும்.

ரேவதி: இவர்கள் பனியிலும் நடக்க வேண்டும் மாமா. கப்பலைப் பார்த்துவிட்டால் சிவப்பு மத்தாப்பு கொளுத்திக் காட்டுவார்கள். இத்தனைக்கும் கோடையில் கீப்பருக்கு மட்டும்தான் சம்பளம், மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும்.

செந்தில்: அப்போதே காண்ட்ராக்டா!

ரேவதி: 1915இல்தான் இந்த லைஃப் சேவிங் சர்வீஸை இன்னொரு சர்வீஸோடு சேர்த்து கோஸ்ட் கார்டு ஆக்கினார்கள். 1962 மார்ச் புயலுக்குப் பிறகு கோஸ்ட் கார்டும் இந்த இடத்தைக் காலி செய்துவிட்டது.

செந்தில்: காயின் பீச் என்பது அங்கேதானே? கவின் மெட்டல் டிடெக்டர் வாங்கித் தரச் சொல்லி ஒரே நச்சு.

ரேவதி: அங்கேதான். ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அவனிடம் சொல்லிவிட்டு வாங்கிக் கொடு அண்ணா. 1785 செப்டம்பரில் ஃபெய்த்ஃபுல் ஸ்டூவர்ட் என்ற கப்பல் அயர்லாந்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஃபிலடெல்ஃபியா போய்க்கொண்டிருந்தது. இங்கே தரைதட்டி உடைந்தது. 249 பேரில் 68 பேர்தான் பிழைத்தார்கள். சரக்கில் இருந்த செப்புக் காசு இன்னும் ஒதுங்குகிறது.

சுந்தரம் மாமா: கரைக்கு எவ்வளவு கிட்டே?

ரேவதி: கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் மாமா.

சுந்தரம் மாமா: அட பாவமே. ஸ்டேஷன் வர அதற்கப்புறம் 91 வருடம் ஆகியிருக்கிறது.

ரேவதி: அதனால்தான் ஒரு கண்டிஷன். லைஃப்கார்டு இருக்கும் இடத்தில் மட்டும் இறங்க வேண்டும். கடல் உள்ளே புகும் வாய் இருக்கிறதே, அந்த இன்லெட் பாலத்துப் பக்கம் யாரும் காலை நனைக்கவே கூடாது, அங்கே நீரோட்டம் பயங்கரம். செந்தில் அண்ணா, உன்னைத்தான் சொல்கிறேன்.

செந்தில்: எனக்கு நீச்சல் தெரியும்.

கவிதா: ஒய்எம்சிஏ குளத்தில் 🙄

செந்தில்: சரி சரி. நியூ ஜெர்சி எடிசனிலிருந்து காரில் எப்படியும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மாமாவுக்கு முதுகு வலி வேறு.

ரேவதி: நியூ ஜெர்சியின் தென்கோடி கேப் மே வரை காரில் வாருங்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு ஃபெர்ரியில் ஆளாக ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் டெலவேர் பக்கம் லூயிஸ் ஊர். நான் வேனோடு நிற்கிறேன். வெளி மாநில வண்டிக்குப் பார்க்கில் கட்டணமும் அதிகம்.

செந்தில்: அந்தக் காசை மிச்சம் பிடிக்கக் கப்பலேறச் சொல்கிறாயா?

சுந்தரம் மாமா: கப்பல்தான். மாப்பிள்ளை, டிக்கெட் போடு.

கவிதா: புளியோதரை என் பொறுப்பு. ரேவதி, மோர் நீ கொண்டு வா.