கிரான் டூரிஸ்மோ 7: நண்பர்களுக்குள் சுற்று நேரப் போட்டி நடத்த விதிகளை எப்படி வகுப்பது?

இரண்டாம் கியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் எட்டுப் பேர் இப்போது கோவை, சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று பிரிந்திருக்கிறோம். எல்லோரிடமும் பிளேஸ்டேஷனும் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய விளையாட்டும் இருக்கின்றன. ஆனால் வேலை நேரங்கள் ஒத்துவராததால் ஒரே நேரத்தில் ஆன்லைன் அறையில் கூடுவது அரிதாகவே நடக்கிறது. கூடினாலும் முதல் வளைவிலேயே நான்கு கார்கள் மோதிக்கொண்டு நிற்க, மீதி நேரம் யார் யாரை இடித்தார் என்ற விசாரணையிலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே ஒரு சர்க்யூட்டையும் ஒரு காரையும் அறிவித்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் அவரவருக்கு வாய்த்த நேரத்தில் தனியாக ஓட்டி, தமது சிறந்த சுற்று நேரத்தை வாட்ஸ்அப் குழுவில் பதிவிடும் போட்டி ஒன்றைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறோம்.

சிக்கல் என்னவென்றால், எங்களில் இருவர் ஸ்டீயரிங் வீலும் பெடலும் வைத்துப் பல ஆண்டுகளாக ஓட்டுகிறவர்கள். இருவர் விளையாட்டையே அண்மையில்தான் வாங்கினார்கள். மற்ற நால்வரும் சாதாரண கேம்பேடுடன் இடையில் இருக்கிறோம். காரும் சூழலும் எல்லோருக்கும் சமமாக இருப்பதை எப்படி உறுதிப்படுத்துவது, எந்த சர்க்யூட்டில் தொடங்குவது, நேரத்துக்கு என்ன சான்று கேட்பது, இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக, கடைசி இடத்தில் இருப்பவர் மூன்றாவது வாரத்தில் சொல்லாமல் ஒதுங்கிவிடாமல் இருக்கப் புள்ளிகளை எப்படிக் கணக்கிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். பணமோ பரிசோ எதுவும் கிடையாது.

டன்லப் பாலம்

காரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இத்தகைய போட்டிகளில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன. "எல்லோரும் மஸ்டா ரோட்ஸ்டர் ஓட்டுவோம்" என்று மட்டும் அறிவித்தால் போதாது. இந்த விளையாட்டில் கார் ஓட ஓட ஆயில் கெடுகிறது, இன்ஜின் தேய்கிறது, பாடியின் விறைப்பும் தளர்கிறது. ஆகவே ஒருவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய ரோட்ஸ்டரும் இன்னொருவர் நேற்று வாங்கிய ரோட்ஸ்டரும் பெயரில் மட்டுமே ஒன்று. விளையாட்டுக்குள் புதிய கார்களை விற்கும் பிராண்ட் சென்ட்ரலில் ஒவ்வொருவரும் போட்டிக்கென்றே புதிதாக ஒரு காரை வாங்கி, அதில் டயரைத் தவிர வேறு எந்த உதிரி பாகமும் பொருத்தாமல், செட்டிங்கையும் தொடாமல் வைத்துக்கொள்வதுதான் எளிய வழி. கிலோமீட்டர் கூடும்போது கார் பராமரிப்புப் பகுதியான ஜிடி ஆட்டோவில் ஆயில் மாற்றிக்கொண்டால் போதும். இன்ஜின் ஓவர்ஹால் அளவுக்குப் போக வேண்டியிருக்காது. காரின் செயல்திறனைக் காட்டும் பிபி எண்ணைப் பதிவில் சேர்க்கச் சொன்னால், யாருடைய கார் மாறுபட்டிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

டயரையும் பெயர் சொல்லி அறிவியுங்கள். கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங் என்ற மூன்று வகைகளும் அவை ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட் என்ற பிரிவுகளும் இருப்பதால், டயரைக் குறிப்பிடாத விதி விதியே இல்லை. என் தேர்வு ஸ்போர்ட்ஸ் ஹார்ட். ரோட்ஸ்டரைப் போன்ற சக்தி குறைந்த காருக்கு ரேசிங் சாஃப்ட் போட்டால் வளைவுகளில் செய்யும் தவறுகளை எல்லாம் பிடிமானமே மன்னித்துவிடும்; கம்ஃபர்ட் ஹார்ட் போட்டாலோ புதியவர்கள் இருவரும் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கிச் சலித்துப்போவார்கள்.

சர்க்யூட்டுக்கு சுகுபாவைப் பரிந்துரைக்கிறேன். ஜப்பானின் இபராகி மாகாணத்தில் இருக்கும் இந்தச் சிறிய சர்க்யூட்டின் நீளம் 2.045 கிலோமீட்டர்தான். ஜப்பானில் கார்களை மாற்றியமைத்து நேரத்துக்காக ஓட்டுகிறவர்கள் நெடுங்காலமாக இங்கே ஒரு நிமிடத்துக்குள் சுற்றை முடிப்பதையே எல்லைக்கோடாகக் கருதி வந்திருக்கிறார்கள். எனவே சுற்று நேரப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தோன்றவில்லை. ரோட்ஸ்டரில் ஒரு சுற்று ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் என்பதால், இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் அரை மணி நேரத்தில் இருபது சுற்றுகளுக்கு மேல் ஓட்டிவிடலாம். அதே அரை மணி நேரத்தில் 20.832 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபேயில் மூன்று சுற்றுகளை முடித்தாலே அதிகம், அவற்றில் இரண்டு புல்தரையில் முடியும். புதியவர்களுக்குத் தேவை மீண்டும் மீண்டும் முயலும் வாய்ப்பு. அதை நீண்ட சர்க்யூட் தராது.

சுகுபாவில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பின் நேர்பாதையின் முடிவில் வரும் நீண்ட வலப்பக்க வளைவுதான் கடைசி வளைவு, அதிலிருந்து வெளியேறும் வேகத்தோடுதான் அடுத்த சுற்றின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆகவே உங்களுடைய நல்ல நேரம் உண்மையில் அதற்கு முந்தைய சுற்றின் கடைசி வளைவிலேயே பிறக்கிறது. அந்த வளைவுக்குள் பொறுமையாக நுழைந்து, ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் முழுமையாக அழுத்துகிறவருக்குத் தொடக்கக் கோட்டிலேயே பலன் கிடைத்துவிடும். இதைப் புதியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீல் வைத்திருக்கும் இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ரீப்ளே பார்ப்பவர்

மேலே உள்ள பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் முதல் சுற்றுக்கு நீங்களே விதி எழுத வேண்டிய தேவைகூட இல்லை. விளையாட்டின் ஸ்போர்ட் பகுதியில் வழக்கமாக இரண்டு வாரங்களுக்கு ஒரு ஆன்லைன் டைம் ட்ரையல் (தனியாக ஓட்டிச் சுற்று நேரம் பதியும் போட்டி) வருகிறது. எல்லோருக்கும் ஒரே நிபந்தனைகள், உலகத் தரவரிசை, வேறொருவரின் கோஸ்ட்டை (அவர் ஓட்டிய சுற்றை அப்படியே காட்டும் நிழல் காரை) எடுத்து அதன் பின்னால் ஓட்டும் வசதி ஆகிய எல்லாமே அதில் ஆயத்தமாக இருக்கின்றன. முதலிடத்தின் நேரத்திலிருந்து 3 சதவீதத்துக்குள் வருபவருக்குத் தங்கமும், 5 சதவீதத்துக்குள் வருபவருக்கு வெள்ளியும், 10 சதவீதத்துக்குள் வருபவருக்கு வெண்கலமும் கிடைக்கின்றன. அதன் ஒரே குறை, பல முறை கார் தேர்வு கடினமாக இருப்பதுதான். அதிவேக ரேஸ் கார் வந்த வாரங்களில் உங்கள் புதியவர்கள் இருவரும் மிரண்டுபோகக்கூடும். அந்த வாரங்களுக்கு ரோட்ஸ்டரும் சுகுபாவும் இருக்கட்டும்.

நீங்களே நடத்தும் வாரங்களில் வேர்ல்ட் சர்க்யூட்ஸ் பகுதிக்குள் இருக்கும் டைம் ட்ரையலையே எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்று விதியுங்கள். ஒருவர் அதில் ஓட்ட, இன்னொருவர் பந்தய அறையில் முன்னால் போகும் காரின் காற்று மறைவில் நேர்பாதையைக் கடந்து நேரம் எடுத்தால், இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

பாதை எல்லை குறித்து நண்பர்கள் சண்டையிடத் தேவையில்லை. நான்கு சக்கரங்களும் எல்லைக்கு வெளியே போனால் விளையாட்டே அந்தச் சுற்றைச் செல்லாததாக்கிவிடுகிறது. கடைசி வளைவில் வெளியே போனால் அடுத்த சுற்றும் கணக்கில் வராது. விளையாட்டு ஏற்றுக்கொண்ட நேரம் செல்லும், ஏற்காதது செல்லாது என்ற ஒரே வரி போதும். வளைவின் ஓரத்தில் இருக்கும் கெர்பின் மேல் ஏறியது நியாயமா என்று ஆராயத் தொடங்கினால், நீங்கள் எந்த விசாரணையிலிருந்து தப்பி வந்தீர்களோ அதற்குள்ளேயே மீண்டும் போய் உட்கார வேண்டியிருக்கும்.

சான்றுக்கு முடிவுத் திரையின் ஸ்கிரீன்ஷாட் போதும். முதலிடம் பிடிப்பவர் மட்டும் ரீப்ளேயைச் சேமித்துப் பகிர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சந்தேகத்துக்காக அன்று. மிக வேகமானவர் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார், எந்தக் கியரில் வளைகிறார் என்பதை மற்ற ஏழு பேரும் பார்த்தால், அடுத்த வாரமே எல்லோருடைய நேரமும் இறங்கும். எனக்குத் தெரிந்த குழுக்களில் ரீப்ளே பகிர்ந்தவை நீடித்தன. வெறும் எண்களை மட்டும் பதிவிட்டவை சுருங்கிப்போயின.

சதவீதம்

புள்ளிக் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலிடத்துக்கு 10, அடுத்தவருக்கு 8 என்று இடவரிசைப்படி புள்ளி கொடுத்தால், உங்கள் குழுவில் வீல் வைத்திருக்கும் இருவரும் மாறி மாறி வெல்வார்கள். மற்ற ஆறு பேருக்கும் முடிவு ஓட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நொடிகளில் வித்தியாசத்தைக் கணக்கிடுவதும் உதவாது, ஏனெனில் சர்க்யூட்டின் நீளத்துக்கு ஏற்ப நொடிகள் பெருகும். மேலே நண்பர் குறிப்பிட்ட பதக்கங்களைப் போலவே, குழுவின் மிக வேகமான நேரத்திலிருந்து ஒவ்வொருவரும் எத்தனை சதவீதம் பின்னால் இருக்கிறார் என்று கணக்கிடுங்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். சுகுபாவில் குழுவின் சிறந்த நேரம் 66 நொடி, புதியவர் ஒருவரின் நேரம் 70.2 நொடி என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏறத்தாழ 6.4 சதவீதம் பின்னால் இருக்கிறார். அடுத்த வாரம் 5.807 கிலோமீட்டர் நீளமுள்ள சுசுகாவில், வேறொரு காரில், சிறந்த நேரம் 140 நொடியாகவும் அவருடையது 147 நொடியாகவும் இருந்தால், நொடிக் கணக்கில் இடைவெளி 4.2-இலிருந்து 7-ஆகக் கூடிவிட்டதைப் போலத் தோன்றும். சதவீதத்திலோ அது 5-ஆகக் குறைந்திருக்கிறது. அந்த மனிதர் முன்னேறியிருக்கிறார், பட்டியல் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே இரண்டு பட்டியல்களை வைத்திருங்கள். ஒன்றில் நேரங்கள் மட்டும், எந்தச் சலுகையும் இல்லாமல். மற்றொன்றில் ஒவ்வொருவரும் தமது வழக்கமான சதவீதத்தை எவ்வளவு குறைத்தார் என்ற கணக்கு. வேகமானவர் முதல் பட்டியலில் தமக்குரிய மரியாதையைப் பெறுவார். இரண்டாவதில் அவரைப் புதியவர் வெல்ல முடியும்.

இரண்டாம் கியர்

மூவருக்கும் மிக்க நன்றி. ரோட்ஸ்டர், ஸ்போர்ட்ஸ் ஹார்ட், சுகுபா என்பதைக் குழுவில் பகிர்ந்தேன், எதிர்ப்பில்லை. ஆனால் இரண்டு ஐயங்கள் எழுந்திருக்கின்றன. முன்னேற்றத்துக்குப் புள்ளி என்றால், முதல் வாரத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிவிட்டு அடுத்த வாரத்தில் "முன்னேறும்" புத்திசாலி ஒருவர் எங்கள் குழுவில் உறுதியாக இருக்கிறார். எல்லோருக்கும் அவர் யார் என்பது தெரியும். அவரை என்ன செய்வது? அடுத்தது, கேம்பேடுக்காரர்களையும் வீல்காரர்களையும் தனித்தனிப் பிரிவாக வைக்க வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்துகிறார். சக்கரம் வீணாகச் சுழன்று வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் போன்ற உதவிகளைத் தடை செய்ய வேண்டும் என்றும் அவரே கேட்கிறார்.

சதவீதம்

உங்கள் புத்திசாலிக்கு மருந்து எளிது. ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிடாமல், ஒருவர் கடைசியாகக் கலந்துகொண்ட மூன்று போட்டிகளில் மிகச் சிறந்த சதவீதத்தையே அவருடைய அடிப்படையாகக் கொள்ளுங்கள். அப்போது ஒரு முறை நன்றாக ஓட்டிவிட்டால் அடுத்த மூன்று போட்டிகளுக்கு அது அவரோடு கூடவே வரும். மெதுவாக ஓட்டி அடிப்படையைக் கீழே இறக்க வேண்டுமானால் மூன்று வாரம் தொடர்ந்து கடைசியில் கிடக்க வேண்டும், முதல் பட்டியலில் அவருடைய பெயர் கீழே இருப்பதை நண்பர்கள் கேலி செய்வதையும் தாங்க வேண்டும். முதல் மூன்று போட்டிகளில் இரண்டாவது பட்டியலே வேண்டாம். அடிப்படை உருவாவதற்கு அவை பயன்படட்டும்.

டன்லப் பாலம்

தனிப் பிரிவு வேண்டாம் என்பது என் கருத்து. எட்டுப் பேரை இரண்டாகப் பிரித்தால் வீல் பிரிவில் இருவர் மட்டுமே மிஞ்சுவார்கள். அதற்குப் போட்டி என்று பெயர் வைக்க முடியாது. வீலில் கிடைக்கும் நன்மை உண்மையானதுதான்: ஸ்டீயரிங்கை நுணுக்கமாகத் திருப்பலாம், பெடலில் பிரேக்கை மெல்ல மெல்ல விடுவித்தபடியே வளைவுக்குள் நுழையலாம். ஆயினும் ரோட்ஸ்டரைப் போன்ற மெதுவான காரில் அந்த நன்மை மிகப் பெரியதாக இராது, கேம்பேடிலேயே மிக வேகமாக ஓட்டுகிறவர்களை இணையத் தரவரிசையில் நிறையப் பார்க்கலாம். விரல் நுனியில் இருக்கும் பிரேக் பொத்தானை முழுக்க அழுத்தி முழுக்க விடாமல், பாதி அழுத்தத்தில் நிறுத்திப் பழகினாலே இடைவெளியில் கணிசமான பகுதி மறைந்துவிடும். எஞ்சியிருக்கும் வித்தியாசத்தை இரண்டாவது பட்டியல் பார்த்துக்கொள்ளும்.

உதவிகளில் டிராக்ஷன் கன்ட்ரோலைத் தடை செய்யத் தேவையே இல்லை, ஏனென்றால் அது தன் தண்டனையைத் தானே கொடுத்துக்கொள்கிறது: அதன் அளவைக் கூட்டி வைத்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது சக்தியை வெட்டும், நேரம் போகும். புதியவர் 3-இல் தொடங்கி, கை பழகப் பழக 1-க்கும் பின்னர் 0-க்கும் தாமாகவே வந்துவிடுவார். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லோருக்கும் டிஃபால்ட்டில் இருக்கட்டும். கவுன்டர் ஸ்டீயர் உதவியை மட்டும் முதல் மாதத்துக்குப் பிறகு நிறுத்திவிடலாம். அது காரை ஓட்டுநருக்குப் பதிலாகத் திருத்துவதால், நழுவும் காரைப் பிடிக்கும் பழக்கமே வராமல் போய்விடும்.

தடை கேட்கும் அந்த நண்பரிடம் வீல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் கியர்

இருக்கிறது. வரும் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு இரவு பன்னிரண்டு மணி வரை, இந்திய நேரப்படி, சுகுபாவில் முதல் போட்டி என்று அறிவித்துவிட்டேன். தடை கேட்டவரையே ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தொகுத்துச் சதவீதம் போடும் பொறுப்பில் அமர்த்தியிருக்கிறோம்.